தலையெழுத்தா, சம்பளச் சீட்டா?

நம் சமுதாயம் ஏன் இன்னும் கீழே கிடக்கிறது என்று எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். குடி, சினிமா மோகம், கடன் வாங்கிச் செய்யும் கல்யாணம், ஒற்றுமையின்மை, குண்டர் கும்பல். கடைசியாக ஒருவர் எழுந்து, "முதல்ல நம்ம ஆளுங்க திருந்தணும்" என்பார். மண்டபமே கைதட்டும். மேடையில் மாலையோடு அமர்ந்திருக்கும் தலைவர் எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டுவார்.

அதே கூட்டத்தில் கேட்கப்படாத கேள்விகள் சில உண்டு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளம் எவ்வளவு? நாற்பது வருடம் குடியிருந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? சேமநிதிக்கு முதலாளி ஒழுங்காகப் பணம் கட்டினாரா? தோட்டம் விற்ற பணம் யார் கைக்குப் போனது? இவற்றை யாராவது கேட்டால் மண்டபம் சங்கடப்படும். "இது அரசியல் பேசுற இடம் இல்ல தம்பி" என்று யாராவது பெரியவர் அடக்கிவிடுவார்.

குடியைப் பற்றிப் பேசினால் அது சமுதாய அக்கறை. சம்பளத்தைப் பற்றிப் பேசினால் அது அரசியல். இந்தப் பாகுபாட்டை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

நமது பண்பாடுதான் நம்மை ஏழையாக்கியது என்று சொல்பவர்கள் ஏராளம். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், நம் கண் எந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்கும், எதைப் பார்க்காது, பார்த்ததற்கு என்ன பெயர் வைக்கும் என்பதைப் பண்பாடுதான் தீர்மானிக்கிறது. ஒரே வறுமையைத் 'தலையெழுத்து' என்று சொன்னால் மனிதன் கோயிலுக்குப் போவான். 'சம்பள பாக்கி' என்று சொன்னால் தொழிலாளர் இலாகாவுக்குப் போவான். இந்தப் பெயர் வைக்கும் வேலை நம் சமுதாயத்தில் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம்.

பெரட்டுக் களத்தில் கற்ற அளவுகோல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேட்டின் மேல் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் லயம். யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்பதை நிலமே சொல்லிக் கொடுத்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்த நம் பாட்டன் பாட்டிமார் ஒவ்வொரு நாளும் அந்தப் பாடத்தைப் படித்தார்கள்.

கங்காணி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவரும் அவரே, இங்கே மேய்த்தவரும் அவரே. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்குத் தக்கபடி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. பெரும்பாலும் அவர் ஆட்களின் ஊர்க்காரர், பல வேளை சாதியில் மூத்தவர், சில வேளை சொந்தக்காரர். கடன் கொடுப்பவரும் அவர்தான், கல்யாணம் பேசி முடிப்பவரும் அவர்தான். அதனால் சுரண்டல் என்பது மாமன் முகத்தோடும் சித்தப்பா முகத்தோடும் வந்தது. அதை எப்படி எதிர்ப்பது?

தொழிலாளியின் கண் கங்காணியைப் பார்த்தது, மண்டோரைப் பார்த்தது, கிராணியைப் பார்த்தது. மிஞ்சிப் போனால் துரையைப் பார்த்தது. துரையும் சம்பளக்காரர்தான் என்பதும், உண்மையான முதலாளிகள் லண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்தவர்கள் என்பதும் லயத்துக்குத் தெரியாது. 1970-ல் தீபகற்ப மலேசியாவின் நிறுவனப் பங்குகளில் 63 விழுக்காடு வெளிநாட்டவர் வசம் இருந்தது. இந்தியர் வசம் இருந்தது 1.1 விழுக்காடு. அந்த 63 விழுக்காட்டின் முகத்தை நம்மவர் யாரும் பார்த்ததில்லை.

1981 செப்டம்பர் 7-ஆம் நாள் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அன்று காலை சில மணி நேரத்திற்குள் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. வாங்கிவிட்டது. நாட்டின் பொருளாதார வரலாற்றில் அது ஒரு பெரிய நாள். வெள்ளைக்காரனிடமிருந்து நிலம் திரும்பி வந்தது என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மறுநாள் விடியற்காலை அந்தத் தோட்டங்களில் பெரட்டுக்கு வந்தவர்கள் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு, அதே நிரைக்குப் போய், அதே கூலிக்குப் பால் வெட்டினார்கள். பல்லாயிரம் ஏக்கர் ஒரு காலைப் பொழுதில் கைமாறியது. அதில் வேர்வை சிந்தியவனுக்கு ஒரு பங்கு உண்டா என்ற கேள்வி எழவே இல்லை. கேட்கலாம் என்று தோன்றாத அளவுக்கு நம் அளவுகோல் சிறுத்துப் போயிருந்தது.

யார் உப்பு, யார் தின்றது?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நன்றி மறப்பது நமக்குப் பெரும்பாவம். இந்தப் பண்பு நம்மிடம் இருக்க வேண்டியதுதான். ஆனால், தோட்ட நிர்வாகங்கள் இந்தப் பண்பை எப்படிப் பயன்படுத்திக்கொண்டன என்பதை வெளியேற்ற வழக்குகளில் ஈடுபட்ட எந்த வழக்கறிஞரும் சொல்வார்.

தோட்டம் மேம்பாட்டாளர் கைக்குப் போகிறது. ஆட்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு காசோலை கொடுக்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளில் 'கருணைத் தொகை' என்று எழுதியிருக்கும். முப்பது வருடம் உழைத்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சும்மா அனுப்பாம ஏதோ குடுத்தாங்களே, நல்ல மனுசங்க சார்" என்பார்.

கருணையா அது? வேலை நீக்க, ஆட்குறைப்புப் பயன்கள் குறித்த 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை பதினைந்து நாள் சம்பளம், ஐந்து வருடமும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம் வர வேண்டும். இது சட்டம். யாருடைய மனசும் இளகத் தேவையில்லை. கொடுத்த தொகை இந்தக் கணக்குக்குச் சமமா, குறைவா என்று பார்க்காமலேயே எத்தனை கும்பிடுகள் போடப்பட்டிருக்கும்!

வீடும் அப்படித்தான். லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாமல் வெளியேறியவர்கள் நம்மவர்கள். 1980-க்கும் 2000-க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து அப்படிப் பெயர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. இவ்வளவு பெரிய இடப்பெயர்வு ஒரு வெள்ளத்தாலோ போராலோ நடந்திருந்தால் பேரிடர் என்று பெயர் வைத்திருப்போம். இதற்கு நாம் வைத்த பெயர், "தோட்டத்த வித்துட்டாங்க, வெளிய வந்துட்டோம்."

தமிழ்ப்பள்ளிக்குக் கூரை மாற்ற அரசு மானியம் வருகிறது. அதைக் கொடுக்க ஒரு விழா. ஆள் உயர மாதிரிக் காசோலை. மாலை, பொன்னாடை, பிள்ளைகளின் நடனம். வரி கட்டும் குடிமக்களின் பிள்ளைகள் ஒழுகாத கூரையின் கீழே படிப்பதற்கு ஏன் நன்றி விழா? மத்திய அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, கல்வி விஷயத்தில் இன, மத, வம்சாவளி அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அரசு நிதியிலிருந்து மாணவர்களின் பராமரிப்புக்கும் கல்விக்கும் உதவி வழங்குவதற்கும் அது பொருந்தும். நாம் உரிமையை வாங்கிக்கொண்டு தர்மம் பெற்றவர்கள் போல் கும்பிடுகிறோம். கொடுத்தவரும் தர்மப் பிரபு போல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

இதைப் படிக்கும் சிலர், "அதுதானே, நம் இனமே அடிமைப் புத்தி" என்று முடிவு கட்டக்கூடும். அதுவும் நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பொய்தான். தென்னிந்தியத் தொழிலாளி சாதுவானவன், சொன்னபடி கேட்பான், குறைந்த கூலிக்கு வருவான் என்பதற்காகவே ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் அவனை விரும்பினார்கள். அவர்கள் தேடிய குணத்தை அவர்களே நம் இயல்பு என்று எழுதி வைத்தார்கள். வரலாறு அதை ஏற்கவில்லை.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறும் மேலதிகாரிகளுக்கு முடிவு, பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும் என்றார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கூலியும் சைக்கிளும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பத்துக் காசு குறைவாகக் கொடுப்பதும், இறங்கி நில் என்று சொல்வதும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகள் என்பதை அந்தப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள். பதில் என்ன கிடைத்தது? நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

1931-லும் கூலி குறைவுதான், 1941-லும் கூலி குறைவுதான். இடையில் பார்வை மாறியது. 1929-ன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து போனார். சுயமரியாதைக் கருத்துகள் பரவின. கோ. சாரங்கபாணி 1935-ல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்துக்குப் பத்திரிகை வந்தது. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். இந்திய விடுதலைப் போராட்டச் செய்திகள் வந்தன. அதே தமிழ்ப் பண்பாட்டுக்குள் இருந்துதான் இவை வந்தன. கும்பிடு போடக் கற்றுக்கொடுத்த பண்பாட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுக்கும் குரலும் இருந்தது. எந்தக் குரல் காதில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

கள்ளைக் கொடுத்தவன் யார்?

குடி நம் குடும்பங்களைச் சீரழிக்கிறது என்பதை மறுப்பவன் நானில்லை. ஆனால் 'குடிகாரச் சமுதாயம்' என்ற பட்டத்தை யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடை நம் முன்னோர் கப்பலில் கொண்டு வந்த கடை அல்ல. காலனி அரசாங்கத்தின் அனுமதியோடு தோட்ட நிர்வாகங்கள் நடத்திய கடை அது. அதை மூடு என்று 1941-ல் கேட்டவர்கள் கிள்ளான் தொழிலாளர்கள். போருக்குப் பின் 1946, 47-ல் கெடாவில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. போலீஸ் நடவடிக்கை கள்ளுக்கடை மேல் பாயவில்லை, தொண்டர் படை மேல் பாய்ந்தது. மூடச் சொன்னவனை அடித்துவிட்டு, திறந்து வைத்தவன் இன்று நம்மைப் பார்த்து 'குடிகாரன்' என்றால் அதற்கு நாமும் சேர்ந்து கைதட்டுவதா?

இந்தப் பழி நமக்கு மட்டும் வரவில்லை. மலாய்க்காரர் சோம்பேறி என்பதும் அதே தொழிற்சாலையில் செய்த சரக்குதான். டாக்டர் மகாதீர் 1970-ல் வெளியிட்ட 'மலாய் டைலமா' நூலில், மலாய்க்காரர் பின்தங்கியதற்கு அவர்களின் வம்சாவளியையும் பழக்க வழக்கங்களையும் காரணம் காட்டினார். அந்த நூல் இங்கே தடை செய்யப்பட்டு, 1981-ல் அவர் பிரதமரான பிறகே தடை நீங்கியது. அறிஞர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-ல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி எனும் கட்டுக்கதை' என்ற ஆய்வு நூல் இந்த வாதத்தின் வேரையே காட்டியது. வெள்ளைக்காரனின் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலியாக இறங்க மறுத்துத் தன் வயலிலும் கடலிலும் உழைத்த மலாய்க்காரனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தார்கள் என்று அவர் எழுதினார். சுதந்திரத்துக்குப் பிறகு நம் சொந்தத் தலைவர்களே அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

கூலி வேலைக்கு வராதவன் சோம்பேறி. வந்தவன் சாது, குடிகாரன். சொந்தமாகக் கடை வைத்தவன் பேராசைக்காரன். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பட்டம். யாருக்கு என்ன கூலி என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டத்திலும் இல்லை.

பக்கத்து வரிசையைப் பார்த்துப் பழகிய கண்

இனி இன்றைய நாட்டு நடப்புக்கு வருவோம். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் ஓர் உவமை சொன்னார். சுரங்கப் பாதையில் இரண்டு வரிசை வண்டிகள் நெரிசலில் நிற்கின்றன. பக்கத்து வரிசை நகர ஆரம்பித்தால் எனக்கு முதலில் மகிழ்ச்சி, என் வரிசையும் சீக்கிரம் நகரும் என்ற நம்பிக்கை. அந்த வரிசை மட்டுமே நகர்ந்துகொண்டிருந்தால் பிறகு கோபம் வரும். அவர் இன்னொன்றும் சொன்னார்: பக்கத்து வரிசையில் இருப்பவன் வேறு இனம், வேறு மொழி என்று பிரிந்து கிடக்கும் சமுதாயத்தில் அந்த முதல் நம்பிக்கைக்கே இடம் குறைவு. அவன் நகர்வது எனக்கு நல்ல சகுனமாகத் தெரியாது.

கூலாய்க்கும் கோலாலம்பூருக்கும் நடுவில் பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றவர்களுக்கு இந்த உவமை புரியும். மலேசியாவில் நாம் அனைவரும் பக்கத்து வரிசையைப் பார்த்தே பழகியவர்கள். 1971-ல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு இலக்குகள் இருந்தன. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது முதல் இலக்கு. இனத்தை வைத்துத் தொழிலை அடையாளம் காணும் நிலையை மாற்றுவது இரண்டாவது. 1970-ன் கணக்குப்படி தீபகற்பத்தில் மலாய்க் குடும்பங்களில் சுமார் 65 விழுக்காடும், இந்தியக் குடும்பங்களில் 39 விழுக்காடும், சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடும் வறுமையில் இருந்தன. ஆகவே மலாய் ஏழைகளுக்கு உதவி தேவைப்பட்டது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 'இன வேறுபாடின்றி' என்ற சொல் காகிதத்தோடு நின்றது. தோட்டம் தனியார் நிலம், அரசின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் அங்கே நுழையாது என்று கதவை மூடினார்கள். 2004-ல் இந்தியர்களின் பங்குடைமை 1.2 விழுக்காடு. முப்பத்து நான்கு வருடத்தில் பத்தில் ஒரு விழுக்காட்டு முன்னேற்றம்!

நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டும். ஆனால் அந்தக் கோபம் எங்கே போகிறது? கம்போங்கில் மரம் வெட்டும் மலாய்க்காரர் மேல் போகிறது. அவருடைய கோபம் சீனர் கடை மேல் போகிறது. 1974 இறுதியில் கெடா, பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ந்து விலைவாசி ஏறியபோது, பட்டினியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அன்றைய மாணவர் தலைவர் அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை சென்றார். அதே ரப்பர் விலையை ஒட்டித்தான் தோட்டத்தில் தமிழரின் கூலியும் ஏறி இறங்கியது. ஒரே மரம், ஒரே பால், ஒரே விலை வீழ்ச்சி. ஆனால் அது 'மலாய் விவசாயி பிரச்சினை' ஆகவும், இது 'இந்தியத் தோட்டத் தொழிலாளி பிரச்சினை' ஆகவும் தனித்தனிக் கோப்புக்குள் போனது. அவர் அதை 'ரெசெக்கி' என்றார், நாம் 'விதி' என்றோம். இரண்டு ஏழைகளும் தத்தம் மொழியில் கடவுளிடம் முறையிட்டார்கள். ஒருவருக்கொருவர் முறையிட்டுக்கொள்ளவில்லை.

பொருளியல் அறிஞர் சுதிர் ஆனந்த் மலேசியாவின் 1970-ஆம் ஆண்டு வருமானக் கணக்கை ஆராய்ந்து 1983-ல் நூலாக வெளியிட்டார். நாட்டின் மொத்த வருமான ஏற்றத்தாழ்வில் இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான் என்று அவர் காட்டினார். மீதி அனைத்தும் ஒவ்வோர் இனத்துக்கும் உள்ளே இருந்த ஏற்றத்தாழ்வு. மலாய்க்காரருக்கும் மலாய்க்காரருக்கும், சீனருக்கும் சீனருக்கும், தமிழருக்கும் தமிழருக்கும் இடையிலான பள்ளம். நாம் ஐம்பது வருடமாக அந்தப் பத்தில் ஒன்றைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். மற்ற ஒன்பது பங்குக்கு நம் அன்றாடப் பேச்சில் ஒரு பெயர் கூட இல்லை.

சராசரி என்னும் மூடுதிரை

குடும்பச் சராசரி வருமானத்தில் இந்தியர்கள் பூமிபுத்ராவை விட மேலே இருக்கிறார்கள் என்று அரசாங்கப் புள்ளிவிவரம் சொல்லும்போதெல்லாம் நமக்கு வாயடைத்துப் போகிறது. என்னைப் போன்ற வழக்கறிஞர்களும், மருத்துவர்களும், கணக்காய்வாளர்களும் சேர்ந்து உயர்த்திவிட்ட சராசரி அது. அந்தச் சராசரியின் கீழே அடுக்குமாடி மலிவு வீட்டில், காவலாளிச் சம்பளத்தில், அடையாளக் கார்டு கூட இல்லாமல் வாழும் குடும்பங்கள் மறைந்துவிடுகின்றன. அரசாங்கத்தின் கணக்கு நம்மை இனமாகக் கூட்டுகிறது. நாமும் இனமாகவே நம்மைக் கூட்டிக்கொள்கிறோம். கோயில் விழாவில் ஆயிரக்கணக்கில் நன்கொடை தருபவரின் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடைக்கிறதா என்று கேட்பது நம் பண்பாட்டில் மரியாதைக் குறைவு. "நம்ம ஆளு" என்ற சொல்லுக்குள் முதலாளியையும் தொழிலாளியையும் சேர்த்து அடைத்துவிட்டோம்.

வறுமைக் கோடும் இதே கதைதான். 2016-ல் மலேசியாவில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்று பெருமை பேசினார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்பது அன்றைய கோடு. 2019-ல் ஐக்கிய நாட்டு மன்றத்தின் சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் வந்து, இந்தக் கோடு நடப்புக்கு ஒவ்வாதது என்று பகிரங்கமாகச் சொன்னார். பிறகு கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2019-க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஓர் இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை. அதுவரை கணக்கில் இல்லாதவர்கள் கணக்கில் வந்தார்கள். அந்தக் கோடு இருந்த காலமெல்லாம், 'நாட்டில் வறுமையே இல்லையாம், அப்படியானால் நம் கஷ்டம் நம் தப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்று தன்னையே நொந்துகொண்ட குடும்பத் தலைவிகள் எத்தனை பேர்?

சட்டம் மாறினால் பண்பாடும் மாறும்

"முதலில் மனம் மாற வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்" என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

2013 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின இரவு நம்மில் யாரும் திருந்திவிடவில்லை. சிக்கனம் கற்கவில்லை. ஆனால் சட்டம் ஒழுங்காக நிறைவேறிய இடங்களில் சம்பளம் ஏறியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025-ல் 1,700 ஆனது. போதுமா என்றால் போதாது. ஆனால் பல்லாண்டுப் போதனை தராததைச் சட்டத்தின் ஒரு வரி தந்தது.

இன்னோர் உதாரணம், 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். சேமிக்கத் தெரியாதவர்கள், ஊதாரிகள் என்று ஏசப்பட்ட அதே பால்வெட்டுத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். 1961-ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிறகு மேலும் பல தோட்டங்களை வாங்கினார்கள். பங்குதாரர் என்ற பெயர் கிடைத்ததும் ஊதாரி சேமிப்பாளர் ஆகிவிட்டார். வழி அடைபட்டிருந்தபோது பழக்கமாகத் தெரிந்தது, வழி திறந்ததும் மறைந்துவிட்டது.

நம் நாட்டு நீதிமன்றமும் இதில் வழிகாட்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு சொல்லும் 'உயிர்' என்பதில் வாழ்வாதாரமும் அடங்கும் என்று 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் தீர்ப்பளித்தார். 8-ஆவது பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. எல்லாரும் பயந்து பேசும் 153-ஆவது பிரிவிலேயே, மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்கள் காக்கப்பட வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. அதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறீர்கள்?

நாம் செய்ய வேண்டியது

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். பசி தீர்ந்தவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது ஞானம். பக்கத்து வீட்டுக்காரனின் பங்கையும் எடுத்துக்கொண்டவன் பசித்தவனைப் பார்த்துச் சொன்னால் அது வேறு. இந்த வேறுபாட்டை நம் வீடுகளில், கோயில்களில், தமிழ்ப்பள்ளிகளில் பேச வேண்டும்.

பேச்சோடு சில காரியங்களும் வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. சேமநிதிக் கணக்கையும் சொக்சோ சந்தாவையும் நீங்களே சரிபாருங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் 'கருணை' என்ற சொல் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். 61-ஆவது நாள் வந்து அழுதால் எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது. சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞரே தேவையில்லை. பக்கத்து மேசையில் அதே புகாரோடு நிற்கும் மலாய்க்காரரிடமும் வங்காளதேசத் தொழிலாளியிடமும் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். பாதிப் புகார்கள் ஒரே முதலாளியின் மேல் இருக்கலாம்.

படித்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒருமுறை ஹம்பர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்திக்கொள்வோம். அந்த நேரத்தில் பத்துக் குடும்பங்களின் சம்பளச் சீட்டைப் படித்து, எங்கே குறைகிறது என்று விளக்கிச் சொல்வோம். அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். தனக்கு வர வேண்டியது என்ன என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு தாய், அதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பாள்.